இயல் 4: ஒதி ஏன் ஓடுகிறது, கருங்காலி ஏன் நிற்கிறது?

ஒதி பெருத்தால் உத்தரத்துக்கு ஆகுமா என்று கிராமங்களில் கேட்பதுண்டு. ஆள் பெருத்தும் காரியத்துக்கு உதவாதவரைக் குத்திக்காட்டும் பழமொழி அது. மரம் நடுகிறவர்கள் அதை உவமையாகக் கொள்ளாமல் அப்படியே எடுத்துக்கொண்டால் லாபம். வேலியோரம் ஒதிப் போத்து ஒன்றை ஊன்றினால், வேரே இல்லாத அந்தக் குச்சி துளிர்த்துச் சில ஆண்டுகளில் மரமாகிவிடும். ஆனால் அந்தக் கட்டையில் உத்தரம் செய்ய எந்தத் தச்சரும் உளி எடுக்க மாட்டார். வேகமும் மிருதுவும் ஒரே மரத்தில் வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. ஒன்று வரவு, மற்றது அதற்கான செலவு.

இந்தக் கணக்குப் புரியாமல் நல்ல கன்றுகளைப் பிடுங்கி எறிபவர்கள் பலர். ஐப்பசி மழைக்கு ஒரே நாளில் அகத்தியும் கருங்காலியும் நட்ட தோட்டத்தில், அடுத்த ஐப்பசிக்குள் அகத்தி ஆளுயரத்தைத் தாண்டியிருக்கும். கருங்காலி ஒரு சாண் ஏறியிருந்தாலே பெரிது. தோட்டக்காரர் நாற்றங்காலுக்குப் போன் போடுவார்: "கன்று சரியில்லைங்க, ஒண்ணுமே வளரல." அடுத்து யூரியா வைப்பார், தண்ணீரை இரட்டிப்பாக்குவார், கடைசியில் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றை நடுவார். அந்தக் கன்றில் ஒரு குறையும் இருந்திருக்காது. கருங்காலி கருங்காலியின் வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு கன்று எந்த வேகத்தில் வளரும் என்பதை அதன் இலை, தண்டு, விதை, வேர் ஆகிய நான்கும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். அவற்றைப் படிப்பது எப்படி, படித்ததை வைத்து எதை எங்கே நடுவது என்பதே இந்த இயல்.

கீற்றுக் கொட்டகையும் காரை வீடும்

இலை என்பது மரம் போடும் முதலீடு. அதே முதலில் இரண்டு விதமாகக் கட்டலாம். கீற்றுக் கொட்டகை போட்டால் குறைந்த செலவில் பெரிய பரப்பு கிடைக்கும். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். காரை வீடு கட்டினால் பரப்பு குறைவு, ஆயுள் நீளம். அகத்தியின் இலை கீற்றுக் கொட்டகை. கருங்காலி, மகிழம், பாலை ஆகியவற்றின் தடித்த, பளபளக்கும் இலைகள் காரை வீடு.

ஒரு கிராம் உலர்ந்த இலை எத்தனை சதுர சென்டிமீட்டர் பரப்பை விரிக்கிறது என்பதுதான் இதற்கான அளவு. 2004 இல் நேச்சர் இதழில் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, உலகின் 175 இடங்களிலிருந்து 2,548 வகைத் தாவரங்களின் இலைகளை ஒப்பிட்டது. பாலைவனமோ மழைக்காடோ, எங்கு எடுத்தாலும் இலைகள் ஒரே கோட்டில் வரிசை கட்டி நின்றன. ஒரு முனையில் மெல்லிய, சத்து மிகுந்த, சீக்கிரம் சம்பாதித்துச் சீக்கிரம் உதிரும் இலை. மறு முனையில் தடித்த, நிதானமாகச் சம்பாதித்து நீண்ட நாள் நிலைக்கும் இலை. மெல்லியதாகவும் மலிவாகவும் நீடித்தும் இருக்கும் இலை இயற்கையில் ஏறக்குறைய கிடையாது.

கன்றுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? சிறு கன்றின் உடம்பில் பெரும் பங்கு இலைதான். மலிவாக இலை விரிக்கத் தெரிந்த கன்று அதிக வெயிலைப் பிடிக்கும். பிடித்ததை உடனே புது இலையாக்கும். அந்த இலை மேலும் வெயிலைப் பிடிக்கும். வட்டிக்கு வட்டி ஏறுவது போல. மரம் பெரிதான பிறகு கதை மாறிவிடுகிறது. உடம்பின் பெரும் பகுதி அப்போது கட்டையாகிவிடும். ஆண்டுதோறும் உதிர்ந்த இலைக்குப் பதில் புதிது போடும் செலவு மெல்லிலை மரத்தின் தலையில் ஏறும். 2016 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதையே காட்டியது: கன்றுப் பருவத்தில் மெல்லிய இலைக்கும் வளர்ச்சி வேகத்துக்கும் தெளிவான உறவு உண்டு, வளர்ந்த மரங்களில் அந்த உறவு கரைந்துவிடுகிறது. எனவே இலையைப் பார்த்து வேகத்தை ஊகிப்பது நாற்றங்காலிலும் முதல் சில ஆண்டுகளிலும்தான் பலிக்கும்.

மெல்லிய இலைக்கு இன்னொரு விலையும் உண்டு: ஆடு. சத்தும் மென்மையும் சேர்ந்த இலையை ஆடு முதலில் தேடி வரும். அகத்தியும் வாகையும் கடிபடாமல் தப்புவது அரிது. முள்வேலிக்கும் கூண்டுக்கும் பணம் போதாதபோது எந்தக் கன்றுக்கு முதலில் கூண்டு என்பதை இலையைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

வைரம் பாயும் கட்டை

தண்டின் கணக்கு இலையைவிட நிலையானது. கன்றிலும் பேசும், மரத்திலும் பேசும்.

எந்த மரத்தின் கட்டையை எடுத்தாலும், அதன் செல்சுவர்ப் பொருளின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான்: கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். மரத்துக்கு மரம் வேறுபடுவது உள்ளே விடப்படும் வெற்றிடம். இலவம்பஞ்சு மரமும் கல்யாண முருங்கையும் நிறைய இடம் விட்டுக் கட்டுகின்றன. அவற்றின் அடர்த்தி 0.3 அளவில் நிற்கும். தேக்கு 0.6 ஐ ஒட்டி வரும். வைரம் பாய்ந்த கருங்காலியும் செம்மரமும் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அதாவது 1 ஐத் தொடும் அல்லது தாண்டும். ஒரே அளவு சரக்கைக் கொண்டு 0.3 மரம் கட்டும் தண்டு, 0.6 மரத்தின் தண்டைவிட இரு மடங்கு பெரிதாக இருக்கும். கனம் குறைந்த கட்டை உயரமாக ஓடுவதன் ரகசியம் இவ்வளவே.

ஓட்டத்துக்கு விலை பின்னால் வரும். இடம் விட்டுக் கட்டிய தண்டைக் காற்று எளிதில் முறிக்கும், பூஞ்சையும் துளைப்பான் புழுவும் எளிதில் நுழையும். நெருக்கி இழைத்த கட்டை மெதுவாக ஏறும், ஆனால் பக்கத்து மரங்கள் நெருக்கினாலும் நிழல் விழுந்தாலும் தாக்குப்பிடிக்கும். உலகெங்கும் 1,40,000 க்கும் மேற்பட்ட ஆய்வுத் திடல்களில் 30 லட்சத்துக்கும் அதிகமான மரங்களின் வளர்ச்சியை வைத்து 2016 இல் வெளியான ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டியது: அடர்ந்த கட்டை உள்ள இனங்கள் போட்டி இல்லாத இடத்தில் மெதுவாக வளர்கின்றன, போட்டி உள்ள இடத்தில் மற்றவற்றைவிட நன்றாகச் சமாளிக்கின்றன.

நம் ஊர்க் காட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. முதுமலையில் 1988 இல் இந்திய அறிவியல் கழகத்தினர் 50 ஹெக்டேரில் ஒரு நிரந்தரத் திடல் அமைத்து, 1 சென்டிமீட்டர் தடிமனைத் தொட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் கட்டிக் கணக்கெடுத்து வருகிறார்கள். தொடக்கத்தில் அங்கே ஏராளமாக இருந்த கைடியா என்ற மிருதுக்கட்டை மரத்தை யானைகள் பட்டை உரித்தும் முறித்தும் தின்றதில், சில ஆண்டுகளிலேயே அதன் எண்ணிக்கை படுவேகமாகச் சரிந்தது. தேக்கு அந்த அளவுக்குச் சேதப்படவில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது தூங்குமூஞ்சி, குல்மோகர், பெருங்கொன்றை ஆகியவை அதிகம் விழுந்ததாகப் பேசப்பட்டது. எல்லாப் பழியையும் கட்டையின் மேல் போடுவது நியாயமில்லை. சிமென்ட் நடைபாதைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் வேர் விடச் சொன்னால் எந்த மரம்தான் நிற்கும்? இருந்தாலும், சீக்கிரம் நிழல் வேண்டும் என்று வேகத்தை மட்டும் பார்த்து நகரம் தேர்ந்தெடுத்த மரங்கள் அவை என்பதும் உண்மை.

சவுக்கு கேட்கும் கேள்வி

இந்த இடத்தில் கடலூர்ப் பக்கத்து விவசாயி யாராவது குறுக்கிடுவார். சவுக்குக் கட்டை இரும்பு மாதிரி, கனமான விறகு, சாரம் கட்ட அதைவிட நல்ல கம்பு இல்லை. ஆனாலும் மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. அடர்ந்த கட்டை மெதுவாக வளரும் என்பது அப்போது பொய்யா?

பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. வளர்ச்சி என்பது ஒரே பண்பின் வேலை கிடையாது. எவ்வளவு இலை, ஒவ்வோர் இலையும் எவ்வளவு சம்பாதிக்கிறது, ஆண்டில் எத்தனை மாதம் சம்பாதிக்கிறது என்பவற்றின் பெருக்கல் அது. சவுக்கின் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. பச்சைக் குச்சிகளே இலையின் வேலையைச் செய்கின்றன. ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பதால் வேலைக்கு விடுமுறை இல்லை. கடலோர மணலில் வேர் எளிதில் இறங்கி, ஆழமில்லாத நிலத்தடி நீரைத் தொட்டுவிடும். இதற்கு மேல், வேகமாக வளரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய குளோன் கன்றுகளைத்தான் இப்போது பலர் நடுகிறார்கள். இத்தனை கூட்டல் இருக்கும்போது கட்டையின் கழித்தல் ஒன்று அடிபட்டுப் போவது வியப்பில்லை. தைலமரமும் இதே ரகம்: தோல் போன்ற தடித்த இலை, ஆனாலும் ஓட்டம் குறையாது.

ஒற்றைப் பண்பை ஜாதகம் போல நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும். பண்புகள் சொல்வது சராசரியை. நூறு இனங்களை வரிசைப்படுத்தினால் கணக்கு நிற்கும். தனி ஒரு இனத்தை எடுத்தால் சறுக்கவும் செய்யும்.

வறட்சி இன்னொரு சறுக்கல். அடர்ந்த கட்டையின் நீர்க்குழாய்கள் பொதுவாக ஒடுங்கியவை. மண் காய்ந்து இழுவை கூடும்போது அவற்றில் காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளும் ஆபத்து குறைவு. அதனால் வானம் பார்த்த பூமியில் பாலையும் கருங்காலியும் பிழைக்கின்றன. ஆனால் மிருதுவான ஒதியும் அதே பூமியில் பிழைக்கிறதே? அதன் தந்திரம் வேறு. கோடையில் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு, தண்டில் தேக்கிய ஈரத்தோடு சும்மா இருந்துவிடும். கோடையில் மொட்டையாக நிற்கும் ஒதியைச் செத்துவிட்டது என்று வெட்டிவிடாமல் இருந்தால் போதும்.

விதையும் வேரும்

விதை என்பது தாய் தரும் சீதனம். ஆல், கடம்பு போன்றவற்றின் விதை தூசி. சீதனம் ஏதுமில்லாமல் முளைப்பதால் முதல் வாரங்களில் எளிதில் சாகும், பிழைத்தவை வேகமாக ஓடும். இலுப்பை, புன்னை விதைகள் பெரியவை. அந்த நாற்று நிழலிலும் சருகுக்கு அடியிலும் கூடக் கையிருப்பைச் செலவழித்து எழுந்துவிடும், அவசரப்படாது. நாற்றங்கால் வழக்கமும் இதன்படியே அமைந்தது: பொடி விதையை மணலில் கலந்து தாய்ப்பாத்தியில் தூவி, பிறகு பிடுங்கிப் பையில் நடுவார்கள், பெருவிதையை நேரே பையில் ஊன்றுவார்கள். இலுப்பை, வேம்பு விதைகளைச் சேமித்து வைத்தால் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். பழுத்து விழுந்ததும் விதைப்பதே வழி.

வேர்தான் கண்ணில் படாத பங்கு, அதனாலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. பனையை எடுத்துக்கொள்ளலாம். கொட்டையிலிருந்து வரும் முளை மேலே வராமல் கீழே இறங்கி மண்ணுக்குள் கிழங்கு வைக்கிறது. பொங்கலுக்குத் தோண்டித் தின்பது அதைத்தான். தோண்டாமல் விட்டால் ஓர் ஓலை எட்டிப்பார்க்கும். பிறகும் பல ஆண்டுகள் தரைக்கு மேல் தண்டே தெரியாது. பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்ற சொல் சும்மா வந்ததில்லை. தேக்கிலும் இந்தப் புத்தி உண்டு. காட்டில் தீயும் வறட்சியும் நுனியை ஆண்டுதோறும் காய வைத்தாலும் நாற்றின் வேர் மண்ணுக்குள் பருத்துக்கொண்டே போகும். போதிய கையிருப்பு சேர்ந்த ஆண்டில் ஒரே வீச்சில் தண்டு எழும். தண்டை விரலளவு மட்டும் விட்டு வெட்டி, தடித்த வேரோடு நடும் தேக்கு நாற்றுக்குச்சி முறை இந்தக் கையிருப்பை நம்பியே நடக்கிறது.

வீட்டில் அளந்து பார்க்க

ஆய்வகம் வேண்டாம். நகைக்கடையில் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

இலைக்கு: நல்ல வெயிலில் இருக்கும், முற்றிய, கடிபடாத இலைகளை எடுக்க வேண்டும். ஒரே மரத்தில் நிழல் இலை வெயில் இலையைவிட மெல்லியதாக இருக்கும் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது. காகிதம் துளைக்கும் கருவியால் நடுநரம்பைத் தவிர்த்து 100 வில்லைகள் துளைத்தால், துளை 6 மில்லிமீட்டர் எனில், மொத்தப் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். செய்தித்தாளில் மடித்து, எடை மேலும் குறையாது என்னும் வரை காய வைத்து நிறுக்க வேண்டும். எடை 0.14 கிராம் வந்தால் ஒரு கிராமுக்கு 200 சதுர சென்டிமீட்டர்: மெல்லிலை, ஓடுகிற ரகம். 0.28 க்கு மேல் வந்தால் 100 க்கும் கீழே: நின்று வளரும் ரகம்.

கட்டைக்கு: விரல் தடிமனுள்ள கிளையில் பட்டை உரித்த ஒரு துண்டு. தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, துண்டை ஊசியில் குத்தி, குவளையின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்தினால், தராசு காட்டும் கிராம்தான் அதன் கன சென்டிமீட்டர். பிறகு அதே துண்டை ஓவனில் நன்றாகக் காய வைத்து நிறுத்து வகுக்க வேண்டும். 12 கன சென்டிமீட்டர் துண்டு காய்ந்தபின் 4 கிராம் என்றால் 0.33. 9 கிராம் என்றால் 0.75. கிளையில் வைரம் பாய்ந்திருக்காது என்பதால் புத்தகத்தில் உள்ள மர அடர்த்தியோடு இது ஒத்துப்போகாது. ஒரு கன்றை இன்னொன்றோடு ஒப்பிட மட்டுமே பயன்படும்.

வளர்ச்சியை அளப்பதில் பலர் உயரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நெருக்கத்திலும் நிழலிலும் கன்று ஒல்லியாக நீளும். அது வளர்ச்சி இல்லை, தவிப்பு. தரையிலிருந்து 10 சென்டிமீட்டரில் தண்டைச் சுற்றிப் பெயிண்ட் கோடு ஒன்று போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கேயே தடிமனை அளப்பதே நம்பகமானது. ஒப்பிடும்போது எத்தனை அங்குலம் என்று பார்க்காமல் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். 50 சென்டிமீட்டர் கன்று 100 ஆனதும் 200 சென்டிமீட்டர் கன்று 250 ஆனதும் ஒன்றல்ல, முதலாவது இரட்டித்திருக்கிறது.

எதை எங்கே

ஓடும் ரகங்களை வெட்டவெளியில், தொழு உரமும் தண்ணீரும் கொடுக்கக்கூடிய இடத்தில் நட வேண்டும்; கொடுத்ததற்கு உடனே பலன் காட்டும், நிழலில் வைத்தால் நலிந்துபோகும். நின்று வளரும் ரகங்களுக்கு உரத்தைக் கொட்டுவதில் பெரிய பயன் இல்லை. முதல் ஓரிரு கோடைகளில் கொஞ்சம் நிழலும் களையெடுப்பும் அவற்றுக்கு அதைவிட உதவும். நாற்றங்காலின் பச்சை வலைக்கு அடியிலிருந்து வரும் கன்று எந்த ரகமானாலும் இரண்டு மூன்று வாரம் மெல்ல வெயிலுக்குப் பழக்கிய பிறகே குழிக்குப் போக வேண்டும். வாங்கும்போது உயரத்துக்கு மயங்காமல், அடித்தண்டு தடித்ததைத் தேர்ந்தெடுப்பதும், பைக்குள் வேர் வட்டம் சுற்றிய கன்றை ஒதுக்குவதும் நல்லது.

இரண்டு ரகத்தையும் கலந்து நடுவதில் ஒரு பழைய பாடம் ஆரோவில்லில் இருக்கிறது. 1968 இல் அங்கே இருந்தது மழை அரித்த செம்மண் மேடு. ஆஸ்திரேலிய வேல மரமான அகேசியா ஆரிகுலிஃபார்மிஸை முதலில் நட்டார்கள். நைட்ரஜன் சேர்க்கும், சருகு கொட்டும், சீக்கிரம் நிழல் தரும். அங்குள்ளவர்கள் அதற்கு வைத்த பெயரே 'ஒர்க் ட்ரீ'. அதன் நிழலில் சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் பின்னால் ஏறி வந்தன. அந்தக் காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புவோர் புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போய் வரலாம். காசா, வீரை, கருங்காலி என்று நிதானக்காரர்களின் ஊர் அது. வேலைக்கு வைத்த மரத்துக்கு வெளிநாட்டு இனம்தான் வேண்டும் என்பதில்லை. அகத்தியும் வாகையும் அந்த வேலையைச் செய்யும்.

ஓர் ஏக்கரில் 4 மீட்டருக்கு ஒன்று வீதம் சுமார் 250 குழிகள் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கை ஓடும் ரகத்துக்கு ஒதுக்கி, மீதியை நின்று வளரும் ரகங்களுக்குக் கொடுத்து, ஓடுபவை நிழலால் மூடத் தொடங்கும் மூன்றாம் ஆண்டிலிருந்து அவற்றைக் கவாத்து செய்தும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தும் வெளிச்சம் திறந்துவிடலாம். வெட்டத் தயங்குகிறவர்கள் இப்படிக் கலந்து நடாமல் இருப்பதே மேல். வெட்டாவிட்டால் அடியில் இருப்பவை வருடக்கணக்கில் அப்படியே நிற்கும்.

கன்றை நடும் அன்றே ஒரு தகரத் துண்டில் இனத்தின் பெயர், தேதி, அடித்தண்டின் தடிமன் மூன்றையும் எழுதிக் கட்டிவிடுங்கள். ஓராண்டு கழித்து "வளரவே இல்லை" என்று தோன்றும்போது, கடப்பாரையை எடுக்கும் முன் வெர்னியர் காலிப்பரை எடுத்து அந்தப் பெயிண்ட் கோட்டில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.